வீட்டுச் சுவரில் இன்னொரு காலண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சைகளின் முடிவு வரும்போதும் சரி, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும்போதும் சரி, உங்கள் பத்திரிகையில் நம் பிள்ளைகளின் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. நான் ஒன்று விடாமல் பார்க்கிறவள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். அந்தப் படங்களில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளை இருந்தால், அதன் சான்றிதழ், ஐ.சி. அடையாள அட்டை, அப்பாவின் சம்பளச் சிலிப்பு, வீட்டு மின்சார பில் வரைக்கும் என் மெஷினுக்குள் போய் வந்திருக்கும். பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகத்துக்கு வரும், முகத்தோடு சேர்த்து அவர்கள் பாக்கி வைத்த ஐம்பது காசும் ஞாபகத்துக்கு வரும்.

படம் போடுவதில் எனக்குக் குறை இல்லை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் முதல் ஆண்டிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த பிள்ளைகளும் என் கடைக்குத்தான் வருகிறார்கள், வேலைக்கு ரெஸ்யூம் அடிக்க. அவர்கள் எல்லாரும் மக்குப் பிள்ளைகள் இல்லை. எஸ்.டி.பி.எம்.மில் நல்ல பாயிண்டர் (4.00-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வாங்கியவர்கள், மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பில் ஓர் ஆண்டு தாக்குப்பிடித்தவர்கள். "ஏம்பா, என்னாச்சு?" என்று கேட்டால் வரும் பதிலில் பாதி படிப்பைப் பற்றியதாக இருக்காது, வீட்டைப் பற்றியதாக இருக்கும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் பேச்சை எடுத்தால் முதலில் வருவது இதுதான்: "நாம என்னத்தம்மா படிச்சோம், யூனிவர்சிட்டி விஷயத்துல நாம என்ன செய்ய முடியும்?" எல்ஃபில், கமுனிங் பக்கம் தோட்டத்தில் பிறந்து, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கால்குலஸ் சொல்லிக்கொடுக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எந்த வாரத்தில் பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தை கிடையாது.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கு 14 வாரம் பாடம். நடுவில் ஒரு வாரம் விடுமுறை. பாடம் முடிந்ததும் ஒரு வாரம் 'ஸ்டடி வீக்'. அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் பரீட்சை. இந்தத் தேதிகள் எல்லாம் 'தக்விம் அகாடெமிக்' (கல்வி நாட்காட்டி) என்ற பெயரில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் கிடக்கின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு பக்கம்தான். பிள்ளையிடம் கேட்டால் போனிலேயே அனுப்பிவிடும்.

எஸ்.பி.எம். மாதிரி கடைசி மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்துக் கரையேறும் வித்தை அங்கே செல்லாது. குவிஸ், அசைன்மென்ட், குழு வேலை, மிட் செம் என்ற நடுப் பரீட்சை என்று செமஸ்டர் நடக்கும்போதே மார்க்கில் பெரும் பங்கு சேர்ந்துகொண்டு போகிறது. சில பாடங்களில் பாதிக்கும் மேல். இது நம் வீடுகளில் தெரிவதில்லை. 'பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே' என்று நாம் நினைக்கும் ஏழாவது வாரத்தில் பிள்ளை ஏற்கெனவே தலைக்கு மேல் வேலையோடு இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை இந்த ஸ்டடி வீக். வகுப்பு இல்லை என்றதும் வீட்டில் அது 'லீவு' ஆகிவிடுகிறது. "சும்மாதானே இருக்கே, வந்துட்டுப் போயேன்."

போன ஆண்டு ஒரு பெண் அப்படி வந்தாள். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். பதினாலாவது வாரக் கடைசி. லார்க்கினில் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டே வந்து, ஈப்போ அமான்ஜெயாவில் இறங்கி, அங்கிருந்து மாமா காரில் வீடு. பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை ராத்திரி நான் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது குனிந்து உள்ளே வந்தாள். நலங்கு வைத்த வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். இரண்டு கையிலும் மருதாணி, இன்னும் காயவில்லை. வீட்டில் வைஃபை கிடையாது, போனில் லைன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அசைன்மென்டை 11:59-க்குள் ஏற்றியாக வேண்டும். "அக்கா, பையைக் கொஞ்சம் தொறந்து விடுங்களேன்" என்றாள். ஜிப்பை நான் திறந்தேன். பாஸ்வேர்டை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பிறகு சுண்டு விரல் நுனியால் மவுசைத் தள்ளித் தள்ளி ஃபைலைத் தேடினாள். அதற்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. போட்டோ எடுக்க எல்லாரும் நிற்கிறார்களாம், இவள் எங்கே என்று கேட்கிறார்கள். "ரெண்டு நிமிஷம்மா, ரெண்டு நிமிஷம்மா" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினாள். அந்த மவுசின் இடது பொத்தானில் செங்கல் நிறத்தில் ஒரு கறை இன்னும் போகவில்லை.

அவள் தேறிவிட்டாள். அது அவளுடைய கெட்டிக்காரத்தனம், அதில் நம் பங்கு ஒன்றுமில்லை. அவள் அம்மா கெட்டவரும் இல்லை. மகள் சபையில் இல்லாவிட்டால் "படிச்ச திமிரு, சொந்தபந்தம் வேண்டாம்னு ஆயிருச்சு" என்று பெரியம்மாக்கள் பேசுவார்களே என்ற பயம். ஒரு மாதத்துக்கு முன்னால் "அது அவளுக்குப் பரீட்சை வாரம், வர மாட்டாள், விருந்துக்கு வந்து உங்களைப் பார்ப்பாள்" என்று அந்த அம்மாவே எல்லாரிடமும் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அதைச் சொல்வதற்குத்தான் தேதி கையில் இருக்க வேண்டும் என்கிறேன். பிள்ளையே "வர முடியாது" என்று சொன்னால் அது திமிர். பெற்றவர் சொன்னால் அது முடிவு. நம் குடும்பங்களில் இந்த வித்தியாசம் பெரியது.

திருவிழா விஷயமும் இதே கதைதான். அக்டோபரில் தொடங்கும் முதல் செமஸ்டருக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜனவரி, பிப்ரவரியில் பரீட்சை வருகிறது. தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. ஏறக்குறைய அதே நேரம். ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டிருப்பார், "நீ பாஸாகணும்னுதான் நேர்ந்தேன்" என்பார். அதற்காகவே ஸ்டடி வீக்கில் வரச் சொல்வார்! முருகன் ஓர் ஆண்டு பொறுத்துக்கொள்வார் என்று நான் சொல்வேன். என் மாமியார் இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார், அது வேறு.

தீபாவளிக்கு வராதே என்று சொல்ல எனக்கும் மனசு வராது. வரட்டும். ஆனால் எப்போது திரும்ப வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போ, கறி மிச்சம் இருக்கு" என்று நிறுத்தி வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பல இடங்களில் 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் அந்தப் பாடத்தின் கடைசிப் பரீட்சையில் உட்கார விட மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை நடக்கும் வகுப்பு 14 வாரத்தில் 14 வகுப்பு. இரண்டு விட்டால் தப்பிக்கலாம். மூன்று விட்டால் பதினொன்றுதான் மிச்சம், 80-க்குக் கீழே போய்விட்டது. தீபாவளிக்கு ஒரு திங்கட்கிழமை, காதுகுத்துக்கு ஒரு திங்கட்கிழமை, கோவில் திருவிழாவில் தீமிதி முடிந்து களைத்துப்போய் ஒரு திங்கட்கிழமை. அவ்வளவுதான், ஒரு பாடம் கையைவிட்டுப் போய்விடும்.

கடையில் உட்கார்ந்து பார்த்ததில் இன்னொன்று தெரிகிறது. பெண் பிள்ளைகளை விசேஷத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறோம், ஆண் பிள்ளைகளிடம் காசு கேட்கிறோம்.

காசு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் கடையில் அதிகம் அழுகை நடப்பது இதற்காகத்தான். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. இனி அவன் செலவு அவனைச் சேர்ந்தது என்று. ஆனால் முதல் செமஸ்டரில் அந்தப் பணம் பதிவு நாளிலேயே கைக்கு வந்துவிடாது. எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்குத் திறந்து, மனுப் போட்டு, ஒப்பந்தப் பத்திரம் கொடுத்து, சரிபார்த்து, பல்கலைக்கழகம் அனுப்பி, வந்து சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்களில்தான் பாடப் புத்தகம், லேப் கோட்டு, பிரிண்டிங், சங்கக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு நாளுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலே மாதம் 450 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி ஆகிவிட்டது என்றாலும், அதில் வீட்டு வாடகை, மோட்டார் தவணை, சின்னப் பிள்ளைகளின் பள்ளி பஸ் போக 450 வெள்ளி எடுப்பது லேசான காரியமா? இல்லை. அதனால்தான் முதல் இரண்டு மாதக் காசை ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்பே ஒதுக்கி வையுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். ஹாஸ்டலுக்குப் புது மெத்தை, புதுப் பெட்டி, வழியனுப்பு விருந்துக்கு ஆட்டுக்கறி என்று எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட்டு, மூன்றாவது வாரம் பிள்ளை மெகி மீ மட்டும் தின்றுகொண்டிருக்கும்படி விடாதீர்கள். சேர்ந்தாற்போல் கொடுப்பதைவிட வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக பேங்கில் போடுவது நல்லது. முன்பின் காசைக் கையாண்டு பழகாத பதினெட்டு, பத்தொன்பது வயசு.

சேமிப்பு நமக்குப் புதிசு இல்லை. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லித் தோட்டங்களை வாங்கினார். அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய காசு என்று வயசானவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இப்போது படிக்கப் போகிறார்கள். பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருக்கும்போதே எஸ்.எஸ்.பி.என்.னில் மாதம் முப்பதோ ஐம்பதோ போட்டு வந்தால் அந்த முதல் இரண்டு மாதத்துக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். அதுவும் முடியாதவர்கள் ஊழியர் சேமநிதியான இ.பி.எப்.பில் கேட்டுப் பாருங்கள். முன்பு இரண்டாவது அக்கவுண்ட் என்று சொன்னோமே, 2024 மே மாதத்திலிருந்து 'செஜாஹ்தெரா' என்கிறார்கள், அதிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க வழி இருக்கிறது. கந்து வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போய் நிற்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தக் கவுண்டருக்குப் போங்கள்.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பி.டி.பி.டி.என். பணம் வீட்டுப் பணம் கிடையாது. அது பிள்ளையின் பெயரில் உள்ள கடன். அதை வாங்கி அண்ணன் கார் தவணைக்கும் அக்கா வளைகாப்புக்கும் கட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். கட்டிவிட்டு "அடுத்த மாசம் போட்டுவிடறேண்டா" என்பார்கள். அவன் என்ன செய்வான்? ராத்திரியில் மோட்டார் ஓட்டிச் சாப்பாடு டெலிவரி செய்வான். மழையில் நனைந்து ஒரு மணிக்கு ஹாஸ்டலுக்கு வந்து, காலை எட்டு மணி லெக்சரில் தூங்குவான். பாயிண்டர் 2.00-க்குக் கீழே இறங்கினால் பல்கலைக்கழகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும், பி.டி.பி.டி.என். பணமும் நிற்கலாம். எதை நம்பிக் காரை வாங்கினார்களோ அதுவே போய்விடும். மாறாக, டிகிரியில் முதல் வகுப்பு எடுத்தால், அவர்கள் சொல்லும் நிபந்தனைகளுக்குள் வந்தால், கடனைத் திருப்பிக் கட்டவே தேவையில்லை என்று ஒரு சலுகை இருக்கிறது. பிள்ளையின் ராத்திரித் தூக்கத்துக்குக் காசுக் கணக்கிலேயே ஒரு விலை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

செமஸ்டர் லீவில் வேலை செய்யட்டும், நல்லது. என் கடையிலேயே இரண்டு பிள்ளைகள் அப்படி வேலை செய்தார்கள். பாடம் நடக்கும் 14 வாரத்தில் வேண்டாம்.

பாயிண்டர் என்றதும் ஒன்று. முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "பாயிண்டர் எவ்வளவு?" தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் மொழிப் பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் லெக்சர், இருநூறு பேர் உட்காரும் மண்டபம், முதல் தடவை வீட்டை விட்டுப் பிரிந்த பிள்ளை. முதல் செமஸ்டரில் 2.00 வாங்கினால் வானம் இடிந்து விழுந்துவிடாது. நான்கு செமஸ்டரில் 2.00, 3.00, 3.20, 3.40 என்று ஏறினால், பாட அளவு ஒரே மாதிரி இருந்தால், மொத்தம் 2.90-க்கு வந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மற்ற மூன்றிலும் அவ்வளவு நன்றாகச் செய்தும் அந்த முதல் 2.00 அவனை மூன்றுக்கு மேல் ஏற விடவில்லை. ஆகவே திட்டவும் வேண்டாம், "பரவால்ல விடு" என்றும் விட்டுவிட வேண்டாம். "எந்தப் பாடத்துல அடி? அதை யார்கிட்ட போய்க் கேட்கலாம்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஏனென்றால் நம் பிள்ளைகள் போய்க் கேட்க மாட்டார்கள். வாத்தியாரிடம் திருப்பிக் கேள்வி கேட்டால் அடக்கம் இல்லாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லி நாமே வளர்த்திருக்கிறோம். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் 'பெனாசிஹாட் அகாடெமிக்' என்று ஒருவர் உண்டு, பாட ஆலோசகர். லெக்சரர்கள் வந்து பார்க்கச் சொல்லி அறைக் கதவில் நேரம் ஒட்டி வைத்திருப்பார்கள். தாங்க முடியாத பாடத்தைக் குறிப்பிட்ட வாரத்துக்குள் கைவிட்டுவிட்டு அடுத்த செமஸ்டரில் எடுக்கவும் வழி உண்டு, அந்தத் தேதியும் அதே தக்விமில்தான் இருக்கும். இதெல்லாம் தெரியாமல் மூன்றாவது வாரத்திலிருந்தே மூழ்கிக்கொண்டிருந்துவிட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அழுவார்கள். "உன் அட்வைசரைப் பார்த்தியா? அவர் பேரு என்ன?" என்று வீட்டில் ஒருவர் முதல் மாதத்திலேயே கேட்டால் போதும். பேர் தெரியவில்லை என்றால் பிள்ளை இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக் கெட்ட செய்தியை மறைப்பதா, சொல்வதா என்பது சங்கடமான விஷயம். ஒரு வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் கால் விரலை எடுத்துவிட்டார்கள். பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சித்தி மகன் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டான், பிள்ளை அதைப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று பார்த்தது. இந்தக் காலத்தில் மறைத்து வைக்க முடியாது. சொல்லிவிடுங்கள், ஆனால் சொல்லும்போதே யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்போது வீட்டுக்கு வருவார், நீ இப்போது வரத் தேவையில்லை, என்றைக்கு வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாவு என்றால் அது வேறு. வரட்டும், வந்து முகம் பார்க்கட்டும். நெருங்கிய உறவு இறந்தால் சிறப்புப் பரீட்சைக்கு மனுச் செய்யப் பல பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு, மரணச் சான்றிதழின் நகல் கேட்பார்கள். பிள்ளையின் குரலே மாறி, தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை என்று தெரிந்தால் "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று மட்டும் பார்க்காதீர்கள். பல்கலைக்கழகத்திலேயே கவுன்சிலர் உண்டு. மனநல உதவிக்கு அரசாங்கத்தின் ஹீல் லைன் 15555 இருக்கிறது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள், அதோடு இதையும் செய்யுங்கள்.

"சாப்பிட்டியா?" என்று தினமும் கேட்கும் அம்மாக்களைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். கேட்பதை நிறுத்தாதீர்கள். கேட்கும் நேரத்தை மட்டும் பாருங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குக் கிளம்பும் ஐந்தரை மணிக்கு நீங்கள் விழித்திருப்பீர்கள், பிள்ளை மூன்று மணிக்குத்தான் படுத்திருக்கும்.

இத்தனையும் நடக்கிற காரியமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன். செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்யும் ஓர் அண்ணன், மகள் சிந்தோக்கில், உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில். தக்விமைப் பெரிய தாளில் எடுத்துக் கேட்டார், மகள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், தினசரி காலண்டர் தொங்கும் ஆணியிலேயே மாட்டியிருக்கிறார். மிட் செம், பரீட்சை வாரங்களுக்குச் சிவப்பு மார்க்கர், லீவுக்குப் பச்சை, அசைன்மென்ட் குவியும் வாரங்களில் பேனாவால் ஒரு புள்ளி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கட்டத்தை அடித்துவிடுவார். மகளிடம் போனில் பேசும்போது "ஒம்பதாவது வாரம் வந்துருச்சு போல, அந்தக் குரூப் வேலை என்னாச்சு, அந்தப் பையன் அவன் பங்கைக் குடுத்தானா?" என்று கேட்பார். குரூப் வேலையில் என்ன எழுதுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எந்தப் பையன் ஏமாற்றுகிறான் என்பது நன்றாகத் தெரியும். அவர் தங்கை வீட்டில் கிரகப்பிரவேசத்துக்குத் தேதி பார்த்தபோது, சுவரைப் பார்த்துவிட்டு "அது சிவப்பு, அடுத்த முகூர்த்தம் பாருங்க" என்றாராம். ஐயரும் வேறு தேதி கொடுத்துவிட்டார். நாம்தான் ஐயர் மேல் பழி போடுகிறோம்.

தனியார் கல்லூரி ஏஜெண்டுகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். இங்கே ஒரு வரி போதும். டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்து, இலவச லேப்டாப் காட்டிக் கையெழுத்துக் கேட்டால், அந்தக் கோர்ஸ், படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். பார்க்கத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இடம் கிடைத்தவர்களின் படங்களைப் போடும் அதே பக்கத்தில், அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், போலிடெக்னிக், மெட்ரிகுலேஷன் கல்லூரிகளின் செமஸ்டர் தொடக்கம், ஸ்டடி வீக், பரீட்சைத் தேதிகளைத் தமிழில் ஓர் அட்டவணையாகப் போடுங்கள். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் எந்த வாரத்தில் விழுகிறது என்பதையும் அதிலேயே காட்டுங்கள். நல்ல நேரத்துக்கு இடம் கொடுக்கும் பத்திரிகையில் இதற்கும் கால் பக்கம் கிடைக்கும்.

கோவில் நிர்வாகத்தாருக்கும் ஒன்று. இடம் கிடைத்த பிள்ளைக்கு மேடையில் மாலை, பொன்னாடை, ஹேம்பர் கூடை கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அந்த ஹேம்பரில் உள்ள பிஸ்கட் டின்னை ஹாஸ்டலுக்கு யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதற்குப் பதிலாக ஈப்போவிலிருந்து போக வர ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், அல்லது பி.டி.பி.டி.என். வரும் வரைக்கும் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு கொடுங்கள். திருவிழாத் தேதி குறிக்கும் கூட்டத்தில் தக்விமையும் ஒரு தடவை மேசையில் விரித்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு அந்தக் காலண்டரை ஏ3 தாளில், தமிழில் வாரம் எழுதி, நான் சும்மாவே எடுத்துத் தருகிறேன். தக்விமைப் பிள்ளையிடம் வாங்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போதும். லேமினேட் செய்ய மட்டும் இரண்டு வெள்ளி. பிளாஸ்டிக் விலை எனக்கும் ஏறிவிட்டது.

இப்படிக்கு,
போட்டோஸ்டாட் கடை அக்கா,
சுங்கை சிப்புட், பேராக்